மருமகன்களின் முகமூடி

"தென்கிழக்கு ஆப்பிரிக்காவில், மலாவியின் தலைநகர் லிலோங்வேயில் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. டெட்சா என்ற ஊருக்குப் போகும் வழியில், உடம்பெல்லாம் சேறு பூசி, கந்தலும் இறகும் கட்டி, முகமூடி போட்ட நாலு பேர் காரை மறித்தார்கள். டிரைவர் மறுபேச்சில்லாமல் காசைக் கொடுத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார். யார் இவர்கள் என்று கேட்டால், 'அது ஆள் இல்லை, மிருகம்' என்கிறார். இவர்கள் சூனியக்காரர்களா? இந்த செவா மக்களின் கதைதான் என்ன?" இதுதான் கேள்வி.

டிரைவர் உங்களைக் கேலி செய்யவில்லை. அந்த ஊர் முறைப்படி என்ன சொல்ல வேண்டுமோ அதைத்தான் சொல்லியிருக்கிறார். நீங்கள் பார்த்தவர்கள் சூனியக்காரர்கள் இல்லை. நியாவு என்கிற ஆண்கள் சங்கத்தார் போடும் வேஷம் அது. அவர்கள் ஆடுவதற்கு குலே வம்குலு என்று பெயர், 'பெரிய ஆட்டம்' என்று பொருள். ரோட்டில் காசுக்கு நிற்பதை வைத்து அந்த ஆட்டத்தை எடை போடுவது, உண்டியலை மட்டும் பார்த்துவிட்டுத் திருவிழாவை எடை போடுவது மாதிரி. ஆனால் முகமூடிக்குப் போவதற்கு முன்னால் வீட்டுக்குப் போக வேண்டும். செவா ஊரில் வீடு யாருடையது, நிலம் யாருடையது என்று தெரியாவிட்டால் அந்த ஆட்டம் கடைசிவரை புரியாது.

முதலில் பெயர். ஒருவர் என்றால் ம்செவா, பலர் என்றால் அச்செவா, பேசும் மொழி சிச்செவா. இவர்களுடையது உள்ளிட்ட ஆப்பிரிக்கப் பாண்டு மொழிகளில் சொல்லின் தலைதான் மாறும், வால் அப்படியே இருக்கும். 'செ'யை 'பச்சை' என்பதில் வருவதுபோல அழுத்திச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கோயில் சேவை ஞாபகம் வரும். மலாவியின் நடுப்பகுதி, சாம்பியாவின் கிழக்கு மாகாணம், மொசாம்பிக்கின் டெட்டே மாகாணம் ஆகிய மூன்றும் சேர்ந்ததுதான் இவர்களின் நாடு. மலாவியில் மட்டும் 2018 கணக்கெடுப்பின்படி 1.75 கோடி மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இவர்கள்தான். சாம்பியாவில் இதே மொழியை நியாஞ்சா என்பார்கள். நியாஞ்சா என்றால் ஏரி.

சரி, வீட்டுக்கு வருவோம். நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி என்று ஒரு முறை இருந்ததே, சொத்தும் பட்டமும் மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் வழக்கம், செவா மக்களிடமும் அடிப்படை அதுதான். அக்கா தங்கைகள், அவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்த கூட்டத்துக்கு ம்பும்பா என்று பெயர். அதற்குப் பொறுப்பாளி கூடப்பிறந்த அண்ணன், அதாவது பிள்ளைகளின் தாய்மாமன். அவர்தான் ன்கொஸ்வே. கல்யாணப் பேச்சு, சண்டை, நோய், சாவு என்று எது வந்தாலும் அவர் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பெற்ற தகப்பனுக்குப் பிள்ளைகளிடம் பாசம் உண்டு, அதிகாரம் குறைவு.

கல்யாணத்தில் இரண்டு பக்கத்து மாமன்மார்களும் ஒரு சேவலும் ஒரு பெட்டைக்கோழியும் மாற்றிக்கொள்கிறார்கள். அதோடு ஒப்பந்தம் முடிந்தது. பிறகு பழைய முறைப்படி மாப்பிள்ளைதான் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அங்கே அவன் பெயர் ம்கம்வினி, வந்த மருமகன். மனைவியின் ஊரில் மனைவி வழி நிலத்தில் வீடு கட்டுவான், மாமியாரின் தோட்டத்தைக் கொத்துவான். கல்யாணம் முறிந்தால் அவன் கிளம்ப வேண்டியதுதான். வீடும் பிள்ளைகளும் இருந்த இடத்திலேயே இருக்கும். பெண் வீட்டார் சம்மதித்தால் மனைவியைத் தன் ஊருக்கு அழைத்துப் போகும் முறையும் உண்டு. இப்போது நகரத்தில் எல்லாம் கலந்துவிட்டது. ஆனாலும் கிராமத்தில் வளர்ந்த ஒரு செவா ஆணுக்கு இரண்டு ஊர். குடியிருக்கும் ஊரில் அவன் பேச்சு எடுபடாது. பேச்சு எடுபடும் ஊரில், அதாவது அக்கா தங்கை இருக்கும் ஊரில், அவன் குடியில்லை.

வந்தவன், இருந்தவன் என்ற இந்தக் கணக்கு வீட்டோடு நிற்கவில்லை. செவா சரித்திரம் முழுக்க அதுதான் ஓடுகிறது.

அவர்களின் வாய்மொழிக் கதைகளில், இந்த நிலத்தில் முதலில் இருந்தவர்கள் அகஃபூலா என்கிற குள்ளமான வேட்டை மக்கள். அவர்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள், எனக்கு மிகவும் பிடித்தது. காட்டில் அப்படி ஒருவர் எதிர்ப்பட்டால் முதல் கேள்வியே "என்னை எங்கிருந்து பார்த்தாய்?" என்பதுதானாம். "இப்போதுதான், கிட்ட வந்த பிறகு" என்று உண்மையைச் சொன்னால், தன் உயரத்தைக் கிண்டல் செய்ததாக நினைத்து அம்பை எடுப்பாராம். "அதோ அந்த மலையில் வரும்போதே உங்களைப் பார்த்துவிட்டேன்" என்றால் மகிழ்ச்சியோடு வழிவிடுவாராம். அந்தக் கேள்வியே அவர்களுக்குப் பெயராகிவிட்டது: ம்வண்டியோனெரபாடி. கதை இருக்கட்டும், அவர்கள் இருந்ததற்குக் கல்லில் சான்று இருக்கிறது. டெட்சாவுக்குப் பக்கத்தில் சோங்கோனி மலைகளில் 127 இடங்களில் பாறை ஓவியங்கள் உள்ளன. 2006-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. சிவப்பில் கோடும் வட்டமுமாக இருப்பவை அந்த வேட்டை மக்களுடையவை. வெள்ளைக் களிமண்ணைக் குழைத்துத் தடிமனாக வரைந்தவை பின்னால் வந்த செவா விவசாயிகளுடையவை.

அந்த விவசாயிகளும் ஒரே தடவையில் வந்துவிடவில்லை. முன்னால் வந்தவர்கள் பண்டா குலம். பின்னால், இன்றைய காங்கோவின் லூபா நாட்டுப் பக்கமிருந்து தலைவர்களோடு வந்தவர்கள் ஃபிரி குலம். ஃபிரி என்றால் மலை. மலாவியிலும் சாம்பியாவிலும் பத்துப் பேரைப் பார்த்தால் ஒரு பண்டாவோ ஒரு ஃபிரியோ அகப்படாமல் போகாது. உங்கள் அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்கள். இரண்டு குலமும் அதிகாரத்தைப் பங்கு போட்டுக்கொண்ட விதம்தான் சுவாரசியம். பின்னால் வந்த ஃபிரிகள் ஆட்சியை வைத்துக்கொண்டார்கள். முன்னால் வந்த பண்டாக்கள் மழையை வைத்துக்கொண்டார்கள். மண்ணோடு முதலில் உறவு கொண்டவனின் வேண்டுதலுக்குத்தான் வானம் இறங்கும் என்று அரசனும் ஒப்புக்கொண்டான்.

அந்த மழைக்கு அதிபதி ஒரு பெண். மகெவானா என்பது பட்டப்பெயர், 'பிள்ளைகளின் தாய்' என்று பொருள். லிலோங்வேக்குத் தெற்கே ம்சிஞ்சா என்ற இடத்தில் அவருடைய கோயில் இருந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது, தலைமுடியை வெட்டக் கூடாது. வெட்டினால் மழை நின்றுவிடும். மழையோடு சேர்த்து வணங்கப்பட்ட மலைப்பாம்பு ஒன்றும் அந்த வழிபாட்டில் உண்டு. தெற்கே ஷிரே ஆற்றுச் சமவெளியில் ம்போனா என்ற மழைத் தெய்வத்துக்கு வேறொரு கோயில். ஆட்சியாளன் கொன்ற ஒரு மழைவல்லானின் ஆவி அது என்கிறது கதை. கொன்றவர்களே பிறகு கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதாயிற்று.

ஃபிரிகளின் பேரரசனுக்குப் பட்டம் கலோங்கா. தலைநகர் மங்கம்பா, மலாவி ஏரியின் தென்மேற்கில், இன்றைய ம்டகடகாவுக்கு அருகே. அங்கே தோண்டியபோது கண்ணாடி மணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. ஏரிக்கரைத் தந்தம் இந்துமாக்கடல் வணிகத்தில் கலந்திருந்ததற்கு அது அடையாளம். தந்தம் போக, இரும்பும் உப்பும் கைத்தறிப் பருத்தித் துணியும் கைமாறின. இந்த அரசைத்தான் போர்ச்சுகீசியர் 'மராவி' என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பெயரின் பொருள் தீச்சுடர். 1616-இல் காஸ்பர் பொக்காரோ என்ற போர்ச்சுகீசியர் டெட்டேயிலிருந்து மராவி நாட்டின் வழியாகக் கில்வா துறைமுகம் வரை தரைவழியே போயிருக்கிறார். 1580-களின் முடிவில் கில்வா, மொம்பாசா துறைமுகங்களைச் சூறையாடிய 'சிம்பா' படைகளுக்கும் தெற்கு மராவித் தலைவன் லுண்டுவுக்கும் தொடர்பு உண்டு என்று சில வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அது இன்னும் தீராத வழக்கு.

பேரரசு எப்படி உடைந்தது என்பதில்தான் தாய்வழியின் பலம் தெரிகிறது. பட்டத்துக்கு வந்த சண்டையில் உண்டி என்ற இளவரசர் கோபித்துக்கொண்டு மேற்கே கிளம்பினார். பெயர் நம் காதுக்குச் சாப்பாடு மாதிரி இருக்கும், ஆனால் ஆள் கெட்டிக்காரர். போகும்போது அவர் கூட்டிப்போனது அரச குலத்துப் பெண்களை, முக்கியமாக நியாங்கு என்ற பட்டத்துக்குரிய ராஜமாதாவை. யோசித்துப் பாருங்கள். பட்டம் சகோதரியின் மகனுக்குத்தான் போகும். சகோதரிகள் எல்லாரும் உண்டியோடு போய்விட்டார்கள். கலோங்காவிடம் அரியணை இருக்கிறது, அதில் அடுத்து உட்கார ஆள் இல்லை. அன்றிலிருந்து புதிய கலோங்கா யார் என்பதில் உண்டியின் சொல்தான் செல்லுபடியானது. கத்தியை எடுக்காமலே ஒரு அரசைத் தன் கைக்குள் கொண்டுவர இதைவிட நல்ல வழி இருந்திருக்க முடியாது. கலோங்கா வம்சம் மங்கிப்போனது. உண்டியின் பட்டம் மட்டும் 'கவா உண்டி' என்று இன்றும் தொடர்கிறது. மூன்று நாட்டு செவா மக்களுக்கும் அவர்தான் பேரரசர்.

இனி முகமூடி. அதற்கும் முன்னால் ஒரு கதை, ஏனென்றால் ஆட்டத்தின் சாவி அதில் இருக்கிறது.

மலாவி, மொசாம்பிக் எல்லையில் கபிரின்டிவா என்று ஒரு குன்று. ஆதியில் சௌட்டா என்கிற கடவுள் ஒரு ஆணையும் பெண்ணையும் எல்லா மிருகங்களையும் கூட்டிக்கொண்டு மழையோடு அங்கே இறங்கினார். அவர் பெயரின் வேர் 'வில்'. வானவில்லோடு சேர்த்துச் சொல்வார்கள். அப்போது பாறை இளக்கமாக இருந்ததாம், பதிந்த காலடிகளை இன்றும் காட்டுவார்கள். கடவுளும் மனிதனும் மிருகமும் சேர்ந்தே வாழ்ந்தார்கள். ஒருநாள் மனிதன் இரண்டு குச்சிகளை உரசி விளையாடினான். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. தீப்பற்றிப் புல்வெளி எரிந்தது. நாயும் ஆடும் மனிதனிடமே ஓடிவந்தன. யானையும் சிங்கமும் அவன்மேல் கோபத்தோடு காட்டுக்குள் ஓடின. பச்சோந்தி மரத்தில் ஏறி, "நீங்களும் ஏறி வாருங்கள்" என்று கடவுளைக் கூப்பிட்டது. "எனக்கு வயதாகிவிட்டது, ஏற முடியாது" என்றார் அவர். அதைக் கேட்ட சிலந்தி ஒரு நூலை நூற்று அவரை வானத்துக்குத் தூக்கிவிட்டது. போகும்போது சொல்லிவிட்டுப் போனார்: இனி மனிதன் செத்துத்தான் என்னிடம் வர முடியும். வயதாகி மரமேற முடியாத கடவுளை வேறெந்தப் புராணத்திலும் நான் படித்ததில்லை.

குலே வம்குலு ஆடும்போது அந்தப் பழைய பிளவு ஒரு ராத்திரிக்கு ஒட்டிக்கொள்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். காட்டு மிருகமும் செத்துப்போன முன்னோரும் ஊருக்குள் வருகிறார்கள், பெண்கள் கைதட்டிப் பாடி வரவேற்கிறார்கள். சாவு, கருமாதி, பெண் பிள்ளைகளின் சடங்கு, தலைவர் பட்டமேற்பு, ஜூலை மாதத்து அறுவடைக்குப் பிந்தைய நாட்கள், இவைதான் ஆட்டத்தின் காலம். வேஷங்கள் இரண்டு வகை. ஒன்று, ஆள் போட்டுக்கொள்ளும் முகமூடி. இன்னொன்று, மூங்கிலும் நாரும் பின்னிய பெரிய மிருகக் கூடு. கூடுகளில் மதிப்பு அதிகம் காசியமலிரோவுக்கு. 'சாவு வீட்டை விட்டுப் போவது' என்று பொருள் வரும் அந்த மான், ஆளை உள்ளே வைத்துக்கொண்டு தரையோடு மிதப்பதுபோலச் சுழலும். யானைக் கூட்டுக்குள் நாலு பேர் இருப்பார்கள். இவ்வளவு உழைத்துக் கட்டிய கூட்டைச் சடங்கு முடிந்ததும் பெரும்பாலும் எரித்துவிடுவார்கள்.

வேஷம் கட்டும் இடத்துக்கு டம்ப்வே என்று பெயர், இடுகாட்டுப் பக்கத்துத் தோப்பில் இருக்கும். செவா நாட்டில் இடுகாட்டு மரத்தை யாரும் வெட்டுவதில்லை. எல்லாமே மக்காச்சோள வயலாகிவிட்ட சமவெளியில் ஒரு சின்னக் காடு தனியாக நின்றால், அது பெரும்பாலும் இடுகாடுதான். சங்கத்தில் சேராத ஆண் அந்தப் பக்கம் போகக் கூடாது. சேர்ந்தவனுக்குத் தனிப் பேச்சும் விடுகதை மாதிரியான அடையாளச் சொற்களும் உண்டு. வேஷத்துக்குள் இருப்பவர் யார் என்று சொல்வது பெரிய குற்றம். ஊர்ப் பெண்களுக்குத் தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். தன் கணவனின் காலை எந்த மனைவிக்குத் தெரியாது? ஆனால் கேட்டால் "சிரோம்போ" என்பார்கள். மிருகம். உங்கள் டிரைவர் சொன்னதும் அந்தச் சொல்லைத்தான்.

இப்போது அந்த மருமகனை நினைத்துக்கொள்ளுங்கள். பகலில் மாமியார் தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்பவன், வீட்டில் சொல் எடுபடாதவன், ராத்திரி முன்னோரின் ஆவியாக வருகிறான். எல்லாரும் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். கஞ்சத்தனமான தலைவரையும் வாய்நீளமான மாமியாரையும் பாட்டிலேயே கிழித்துத் தொங்கவிடலாம். முகமூடி பேசியதற்கு ஆள் பொறுப்பில்லை. தாய்வழி ஊரில் ஆண்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட எதிர் அதிகாரம்தான் நியாவு என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகவே படுகிறது, முழு விளக்கம் இல்லை என்றாலும். முழு விளக்கமாக எடுத்துக்கொண்டால், கைதட்டிப் பாடி ஆட்டத்தையே நகர்த்தும் பெண்களின் பங்கு விட்டுப்போகும். பாட்டு நின்றால் மிருகம் நின்றுவிடும்.

பெண்களுக்கும் அவர்களுடைய ரகசியம் உண்டு. பருவமடைந்த பெண்களுக்கான சடங்கு சினம்வாலி. அதை நடத்தும் மூத்த பெண் நம்குங்வி. குடும்பம், உடல், மரியாதை, வாயை எங்கே திறக்க வேண்டும், எங்கே மூட வேண்டும் என்பதையெல்லாம் பாட்டும் ஆட்டமும் களிமண் உருவங்களுமாகச் சொல்லித் தருவார்கள். சோங்கோனியின் வெள்ளை ஓவியங்களில் பல இந்தச் சடங்கோடு சேர்ந்தவை, வரைந்தவர்கள் பெண்கள். சில பகுதிகளில் இந்தச் சடங்கோடு ஒட்டிக்கொண்டிருந்த, சிறுமிகளுக்குத் தீங்கான பழக்கங்கள் மலாவியிலேயே கடுமையாகக் கண்டிக்கப்படுகின்றன. பாரம்பரியம் என்பதற்காக அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

19ஆம் நூற்றாண்டு செவா மக்களுக்குப் பெரிய அடி. 1835-இல் சாம்பேசி ஆற்றைத் தாண்டி வடக்கே ஏறிய ங்கோனிப் படைகள் பிறகு செவா நாட்டில் பல இடங்களைப் பிடித்தன. ஏரிக்கரையில் ன்கொடகொடாவில் ஜும்பே என்ற ஸ்வாஹிலி வணிகத் தலைவர்கள் அடிமைச் சந்தை நடத்தினார்கள். யாவோ வணிகர்களும் ஆள் பிடித்து விற்றார்கள். அடிமைகளைப் படகில் ஏரியைக் கடத்திக் கில்வாவுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். ஆனால் ங்கோனிகளின் கதை முடிந்த விதம் வேடிக்கை. ஜெயித்தவர்கள் செவாப் பெண்களைக் கட்டினார்கள், அந்தத் தாய்மார்கள் பிள்ளைகளிடம் தங்கள் மொழியில் பேசினார்கள். இன்று மத்திய மலாவியிலும் சாம்பியாவின் சிபாட்டாவிலும் ங்கோனிகளின் வீட்டு மொழி பெரும்பாலும் சிச்செவா, நியாஞ்சாதான்.

அடுத்து வந்தவர்கள் பாதிரிமார்கள். நியாவு அவர்களுக்குப் பேய் வழிபாடாகத் தெரிந்தது. நியாவுக்காரர்களுக்கு மிஷன் பள்ளி, பிள்ளை பிடிக்கும் இடமாகத் தெரிந்தது. சண்டை பல பத்தாண்டுகள் நடந்தது. செவாக்காரர்கள் எழுதித் திட்டவில்லை, செதுக்கித் திட்டினார்கள். சிமோனி, மரியா, யோசேஃபே என்ற பைபிள் பெயர்களோடு புதுமுகமூடிகள் வந்தன. வெயிலில் சிவந்த வெள்ளைக்காரன் முகத்தோடு சிமோனி ஆடுவதைப் பார்த்து ஊரே சிரித்தது. பிறகு கார் வந்ததும் கார் வடிவத்திலும் ஒரு கூடு கட்டினார்கள். காலம் சுற்றிவந்ததில் 1902-இல் தொடங்கிய முவா கத்தோலிக்க மிஷனிலேயே, 1976-இல், கிளாட் பூஷே என்ற கனடா நாட்டுப் பாதிரியார் குங்கோனி கலை மையத்தைத் தொடங்கினார். நியாவு முகமூடிகளின் பெரிய தொகுப்பு இப்போது அங்கேதான் இருக்கிறது. 2005-இல் யுனெஸ்கோ குலே வம்குலுவை மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது.

1964 ஜூலை 6-இல் நியாசாலாந்து சுதந்திரம் பெற்று, பழைய மராவியின் பெயரை எடுத்துக்கொண்டு மலாவி ஆனது. முதல் தலைவர் ஹேஸ்டிங்ஸ் கமுசு பண்டா, கசுங்குவைச் சேர்ந்த செவா. 1968-இல் நியாஞ்சாவுக்கு சிச்செவா என்று பெயர் மாற்றித் தேசிய மொழியாக்கினார். வடக்கத்திய தும்புகா மொழி வானொலியிலிருந்து காணாமல் போனது. 1975-இல் தலைநகரை சோம்பாவிலிருந்து லிலோங்வேக்கு, செவா நாட்டின் நடுவுக்கே, கொண்டுவந்தார். தன்னை நாட்டின் 'முதல் நம்பர் ன்கொஸ்வே' என்று அழைத்துக்கொண்டார். அவர் படம் அச்சிட்ட துணி உடுத்தி அவர் முன்னால் ஆட வேண்டிய பெண்களுக்கு 'ம்பும்பா' என்று பெயர். தாய்மாமனின் அதிகாரம் ஒரு சர்வாதிகாரியின் மேடைக்கு எவ்வளவு வசதியாகப் பொருந்தியது பாருங்கள். 1994 வரை ஆண்டார்.

உங்களுக்கு நேரம் இருந்தால் மூன்று இடம். சோங்கோனி லிலோங்வேயிலிருந்து டெட்சா போகிற அதே சாலையில்தான். டெட்சாவிலிருந்து மலையிறங்கினால் முவா. ஆகஸ்டின் கடைசி சனிக்கிழமை விசாவோடு எல்லை தாண்டினால், சாம்பியாவின் கடேடே அருகே ம்கைகாவில் குலம்பா விழா. மூன்று நாட்டு செவாக் குலத் தலைவர்களும் கவா உண்டிக்குக் கப்பம் கட்டி வணங்கும் நாள் அது. 1934-இல் காலனி அரசு தடுத்து, 1984-இல் திரும்ப வந்தது. ரோட்டில் மறுபடி மறித்தால் டிரைவர் செய்ததையே செய்யுங்கள். போட்டோ எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். வழியில் குச்சியில் கோத்து விற்கும் சுட்ட எலியை வாங்குவதும் வாங்காததும் உங்கள் வயிற்றின் முடிவு; நான் ன்சிமா என்கிற மக்காச்சோளக் களியோடு நிறுத்திக்கொள்வேன். யார் வீட்டு வாசலிலும் சட்டென்று நுழையாமல் "ஓடி" என்று குரல் கொடுங்கள். உள்ளேயிருந்து "ஓடினி" என்று வந்தால் போகலாம்.